சிறுபுள்ளடியை விதை போட்டு வளர்க்கிறவர்கள் இருக்கிறீர்களா? முளைப்பதே குறைவு, முளைத்ததும் மஞ்சளாகிறது

ஊவாச்சரிவு

வணக்கம் எல்லோருக்கும். பண்டாரவளையிலிருந்து வெலிமடைக்குப் போகிற பக்கம் எங்கள் காணி. நல்ல சரிவு, படிப்படியாக வரம்பு கட்டித்தான் போஞ்சி, கோவா, கறிமிளகாய் எல்லாம் போடுகிறோம். ஒக்டோபர் மழை இறங்கியதும் வரம்பின் முகப்பு கரைந்து மண் கீழ்த்தட்டுக்கு ஓடிவிடுகிறது. ஒவ்வொரு வருஷமும் மண்வெட்டியால் வழித்து மேலே ஏற்றுகிற வேலைக்கே கூலி போகிறது, அப்படி ஏற்றினாலும் வருவது கல்லும் மணலும்தான், நல்ல மண் கான் வழியாக எப்போதோ போய்விட்டது. புல் வைக்கலாம் என்றால் அது பாத்திக்குள் இறங்கிவிடும், பிறகு அதைப் பிடுங்குவதே தனி வேலை.

அதனால் உயராமல் தரையோடு படர்கிற, தழைச்சத்தைத் (நைதரசனை) தானே தேடிக்கொள்கிற ஒரு செடிதான் வரம்புக்கு வேண்டும் என்று நானும் அவரும் பேசி முடிவு செய்தோம். 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் பட்ட பாட்டுக்குப் பிறகு தழைச்சத்து என்ற சொல்லைக் கேட்டாலே காது நிமிர்ந்துவிடுகிறது. எங்கே தேடினாலும் குளோவர் போடுங்கள், வெள்ளைக் குளோவர் போடுங்கள் என்றுதான் வருகிறது, விதைப் பக்கெற்றும் ஒன்லைனில் விற்கிறார்கள். ஆனால் எங்கள் ஊரிலேயே அதே மாதிரி மூன்று இலையோடு ஒன்று இருக்கிறதே! கோயிலுக்குப் போகிற மண்பாதையின் இரண்டு ஓரமும் அதுதான். மாடு மிதிக்கிறது, ஆள் மிதிக்கிறோம், கச்சான் காற்றில் மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் அது மட்டும் பச்சையாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. எங்கள் அம்மாச்சி சிறுபுள்ளடி என்பார், பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா ஹீன் உந்துபியலிய என்று சொல்லி வயிற்றுப்போக்குக்குப் பறித்துக்கொண்டு போவார்.

பாதையில் இருப்பதைப் பெயர்த்து எடுக்க எனக்கு மனமில்லை, எடுத்தால் அங்கே மண் கரையும். வரம்பு நீளத்துக்கு நிறையக் கன்றும் வேண்டும். அதனால் காய்ந்த காய்களைப் பொறுக்கி வந்து, கோவாவுக்குப் போடுகிற அதே குழித் தட்டில், தும்புத் தூளும் கடையில் வாங்கிய கூட்டெருவும் கலந்து விதைத்தேன். பெரும்பாலான குழியில் ஒன்றுமே இல்லை. முளைத்த கொஞ்சமும் மூன்று நான்கு இலை வந்ததும் வெளிறி, மஞ்சளாகி, அப்படியே நிற்கிறது. பக்கத்துத் தட்டில் கோவா நாற்று கரும்பச்சையாக இருக்கிறது, அதற்கு யூரியாக் கரைசல் தெளிக்கிறோம். இதற்கும் கொஞ்சம் தெளித்துவிடவா? இல்லை, விதையே சரியில்லையா? இப்போது ஓகஸ்ட் பிறந்துவிட்டது, ஒக்டோபர் மழைக்குக் கன்று தயாராக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தவறணைக்காரன்

தங்கச்சி, முதலில் அந்தத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். முளைக்காத விதை செத்த விதை இல்லை. நான் ஹட்டன் பக்கம் தோட்டத்துத் தவறணையில், அதாவது நாற்று வளர்க்கிற இடத்தில், தேயிலைக் கன்றோடும் நிழல்மரக் கன்றோடும் காலம் கழித்தவன், இந்த அவரைக் குடும்பத்துச் செடிகளில் பாதிக்கு மேல் இதே கதைதான். விதைத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. நீங்கள் எவ்வளவு ஊற்றினாலும் அது கல் மாதிரி அப்படியே கிடக்கும். காட்டிலே அதற்கு இது ஒரு பாதுகாப்பு, எல்லா விதையும் முதல் மழைக்கே முளைத்து அடுத்த வெயிலில் கருகினால் இனமே போய்விடும் அல்லவா, அதனால் கொஞ்சம் இந்த வருஷம், கொஞ்சம் அடுத்த வருஷம் என்று பிரித்துப் பிரித்து முளைக்கும். வெயில் சூடு, மாட்டுக் குளம்பு, மண் உராய்வு எல்லாம் சேர்ந்து தோலைத் தேய்த்துத் திறக்கும். பாதையோரத்தில் அது நன்றாக இருப்பதற்கு மிதிபடுவதும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

தவறணையில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். சிறுபுள்ளடிக் காயைப் பாருங்கள், ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வெட்டு வெட்டாகவும் மூன்று முதல் ஐந்து கணுவாக இருக்கும், ஒரு கணுவுக்கு ஒரு விதை. பழுத்துக் காய்ந்தால் கணுக் கணுவாக உடையும். பச்சையாகவோ மஞ்சளாகவோ இருக்கிற காயை எடுக்காதீர்கள், உள்ளே விதை சுருங்கிப்போகும். நல்ல பழுப்பு நிறமாக, விரலால் தொட்டாலே கழன்று வருவதுதான் கணக்கு. பொறுக்குவதற்குக் குனிந்து நாரி நோகத் தேவையில்லை. காயின் மேல் கொக்கி கொக்கியாக நுண்ணிய மயிர் இருக்கிறது, கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வருவது அதனால்தான். மழைக்குப் போடுகிற பழைய கம்பளி ஒன்றை எடுத்து, பனி காய்ந்த பிறகு வெயில் நேரத்தில், அந்தப் படர்ப்பின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போங்கள். பழுத்த கணு மட்டும் கம்பளியில் ஒட்டிக்கொள்ளும், பழுக்காதது செடியிலேயே நிற்கும். வீட்டுக்கு வந்து கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்தால் போதும்.

எடுத்த கணுவை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஒரு பலகையில் சேண்ட் பேப்பரை விரித்து, மேலே இன்னொரு துண்டு சேண்ட் பேப்பர் சுற்றிய கட்டையால் வட்டமாகத் தேயுங்கள். ரொம்ப அழுத்தக் கூடாது. காய்த்தோல் முதலில் பொடியாகப் போகும், சுளகில் புடைத்தால் தூசு பறந்து விதை மிஞ்சும். அந்த விதையைத் திரும்பவும் இலேசாகத் தேயுங்கள். பளபளப்புப் போய் மங்கலானால் நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் தேய்த்தால் உள்ளே இருக்கிற முளையும் அடிபடும்.

பிறகு மாலையில் ஒரு கோப்பைத் தண்ணீரில் போடுங்கள். காலையில் பார்த்தால் சில விதை ஊதிப் பெருத்திருக்கும், சில போட்டபடியே சின்னதாகக் கிடக்கும். ஊதினதை அன்றே விதைத்துவிடுங்கள், காயவிடக் கூடாது. ஊதாததைத் துணியில் ஒற்றித் திரும்பவும் தேய்த்து, திரும்பவும் ஊறப்போடுங்கள். இப்படிச் செய்தால் எந்த விதை முளைக்கப்போகிறது என்று பைக்குள் போடுவதற்கு முன்பே தெரிந்துவிடும், வெறும் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்க வேண்டாம். சுடுதண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. கொதித்ததை இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, விதைமேல் ஊற்றி விடியும் வரை வைப்பார்கள். பெரிய விதைக்கு அது சரி, இது இரண்டு மில்லிமீற்றர்கூட இல்லாத விதை, சூடு கொஞ்சம் கூடினால் அவிந்துவிடும். நான் சேண்ட் பேப்பர் பக்கம்தான்.

அப்புறம் அந்தக் கோவாத் தட்டு. அது கோவாவுக்கு நல்லது, இதற்குப் போதாது. சிறுபுள்ளடி மேலே பார்க்கத்தான் படர்ந்து கிடக்கிறது, கீழே ஆணிவேர் கட்டை மாதிரி இறங்கும், கச்சானில் பச்சையாக நிற்பதே அந்த வேரால்தான். ஆழமில்லாத குழியில் வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும், சுருண்ட வேரை வரம்பில் நட்டால் அது சுருண்டபடியேதான் இருக்கும். தேயிலைக் கன்றுக்குப் போடுகிற பொலித்தீன் பை கிடைத்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் ஒரு லீற்றர் பால் பெட்டி, பால்மா பக்கெற், எதுவானாலும் ஆறு அங்குல ஆழமாவது வேண்டும், அடியில் நாலைந்து ஓட்டை கட்டாயம். பைக்கு நாலைந்து விதை, அரை சென்றிமீற்றர் மண் மூடினால் போதும், முளைத்த பிறகு நல்லதாக இரண்டு மூன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் பக்கத்துக் கன்றின் வேரும் ஆடும்.

தும்புத் தூளைக் குறையுங்கள். நம் மலையில் பனிமூட்டம் இருக்கிற நாளில் மேல் காய்ந்த மாதிரித் தெரியும், உள்ளே பிழிந்தால் தண்ணீர் வடியும், நாற்றின் கழுத்து அழுகிச் சாய்வது அப்படித்தான். சலித்த மேல்மண் இரண்டு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு, கரியாக்கிய உமி ஒரு பங்கு, பழைய கூட்டெரு ஒரு கைப்பிடி. தேயிலைத் தவறணை மாதிரி அடர்ந்த நிழலும் போடாதீர்கள். முளைக்கிற வரை இலேசான நிழல், பிறகு திறந்த வெயில். மஞ்சளாவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, ஆனால் இங்கே டீச்சர் இருக்கிறார், அவர் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும்.

மண்வாசம் டீச்சர்

அண்ணன் விதையைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை, மஞ்சளுக்கு மட்டும் வருகிறேன்.

யூரியா தெளிக்காதீர்கள் தங்கச்சி. தெளித்தால் ஒரு வாரத்தில் பச்சையாகும், நீங்களும் சரியாகிவிட்டது என்று நினைப்பீர்கள், ஆனால் இந்தச் செடியை எதற்காக வளர்க்கிறீர்களோ அந்த வேலை நின்றுவிடும். காற்றில் இருக்கிற தழைச்சத்தைச் செடி நேராக எடுக்காது. வேரில் முடிச்சுக் கட்டிக் குடியிருக்கிற றைசோபிய வகைப் பக்டீரியாதான் எடுத்துக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி அதற்கு மாச்சத்து கொடுக்கிறது. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சே கட்டாது, மாச்சத்தை ஏன் செலவழிக்க வேண்டும்?

உங்கள் தட்டில் என்ன நடந்திருக்கிறது என்றால், தும்புத் தூளிலும் கடைக் கூட்டெருவிலும் இந்தச் செடிக்கு வேண்டிய பக்டீரியா இல்லை. விதைக்குள் இருந்த சேமிப்பை வைத்து மூன்று நான்கு இலை வந்தது, சேமிப்பு முடிந்ததும் பட்டினி. கீழ் இலை முதலில் வெளிறி அப்புறம் மேலே ஏறுகிறதா என்று பாருங்கள், அப்படியென்றால் தழைச்சத்துக் குறைவுதான்.

ஒரு கன்றைத் தியாகம் செய்யுங்கள். பையோடு தண்ணீர் வாளியில் ஊறவைத்து, இழுக்காமல், மண்ணைக் கரைத்து வேரை வெளியே எடுங்கள். வேரோடு ஒட்டிக் கடுகளவிலோ அதைவிடச் சிறிதாகவோ உருண்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஒன்றை நகத்தால் நசுக்குங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, இரத்தம் கலந்த மாதிரி இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, பச்சையோ பழுப்போ என்றால் முடிந்துபோனது. உருண்டையே இல்லாவிட்டால் நான் மேலே சொன்னதுதான்.

இதற்கு மருந்து உங்கள் கோயில் பாதையிலேயே இருக்கிறது. சிறுபுள்ளடி செழிப்பாக இருக்கிற இடத்தில், செடியைக் கெடுக்காமல் ஓரத்தில், மேல் இலைச் சருகைத் தள்ளிவிட்டு இரண்டு மூன்று அங்குல ஆழத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். வேர்த் துணுக்கு கலந்து வந்தால் இன்னும் நல்லது. வெயிலில் காயவைக்காதீர்கள், ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்து அன்றே கலவையில் சேருங்கள். பத்துப் பங்கு கலவைக்கு ஒரு பங்கு தாராளம். இப்போது தட்டில் நிற்கிற மஞ்சள் கன்றுகளுக்கும் அந்த மண்ணை மழைத்தண்ணீரில் கரைத்து, தெளிந்த மேல் நீரை வேரடியில் ஊற்றலாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், வேண்டாம். இரண்டு மூன்று வாரத்தில் முடிச்சுத் தெரிய வேண்டும், அதற்குப் பிறகு புது இலை பச்சையாக வரும். பழைய மஞ்சள் இலை திரும்பப் பச்சையாகுமா என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

இரண்டு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். பாத்தி மண்ணை வைக்கோலும் உமியும் அடுக்கி எரித்துச் சுத்தப்படுத்துகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறதே, அது நோய்க்கு நல்ல வழி, ஆனால் கெட்டதோடு நல்லதும் செத்துப்போகும். எரித்த மண்ணைப் பயன்படுத்துவதென்றால் நன்றாக ஆறிய பிறகுதான் பாதையோர மண்ணைக் கலக்க வேண்டும், முன்னால் கலந்தால் பயனில்லை. மற்றது, மண்ணை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. உருளைக்கிழங்கு, தக்காளி, கறிமிளகாய் போட்ட இடத்திலிருந்து ஒரு பிடி மண்கூட எடுக்காதீர்கள். பக்டீரியா வாடல் நோய் மண்ணோடு வரும், நுவரெலியாப் பக்கம் வேரைத் தாக்குகிற நுண்புழுவான உருளைக்கிழங்கு வட்டப்புழுவும் இருக்கிறது. தேயிலை அடி மண்ணும் வேண்டாம், அதற்கென்று தனி வட்டப்புழு உண்டு. கன்றுக்கு நல்லது செய்யப்போய் வரம்பு முழுக்க நோயை நட்டுவிடக் கூடாது, அந்த வரம்புக்குக் கீழேதான் உங்கள் கறிமிளகாய் நிற்கிறது.

குளோவர் விதையோடு ஒரு கறுப்புத் தூள் தருவார்கள், அதைக் கலந்தால் என்ன என்று யாராவது கேட்கலாம். அது குளோவருக்கான பக்டீரியா. சிறுபுள்ளடியின் வேர் அதைச் சேர்க்காது, இதற்குத் தட்டைப்பயறு வகைகளோடு பழகுகிற கூட்டம் வேண்டும். சோயாவுக்கு என்று விற்கிற தூளும் சோயாவுக்குத்தான்.

தழைச்சத்து வேண்டாம் என்றேனே தவிர மணிச்சத்து (பொசுபரசு) வேண்டும், முடிச்சுக் கட்ட அது இல்லாமல் முடியாது. நம் மண் புளிப்பு மண், அதனால் எப்பாவலைப் பொஸ்பேற்றுத் தூளே மெதுவாகக் கரைந்து கொடுக்கும். ஒரு பைக்கு இரண்டு விரலால் எடுக்கிற அளவு, அவ்வளவுதான்.

பனிமலைப் பையன்

ஊவாச்சரிவு அக்கா, நீங்கள் வெள்ளைக் குளோவர் வாங்காமல் ஊர்ச் செடியைத் தேடியது எனக்கு மிகவும் சந்தோஷம், அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் நுவரெலியாவில் இருக்கிறேன். இங்கே புல்வெளியில் கால் வைக்கிற இடமெல்லாம் வெள்ளைக் குளோவர்தான், வெள்ளைக்காரன் காலத்துப் புல்தரை, மாட்டுப்பண்ணைத் தீவனம் என்று வந்தது, இப்போது தானாகவே பரவுகிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், குளிர், ஈரம், அதற்கு ஐரோப்பா மாதிரியே இருக்கிறது. உங்கள் பக்கம் கச்சான் காலத்தில் அது தாங்காது. மாடு வெறும் வயிற்றில் அதை மட்டும் மேய்ந்தால் வயிறு ஊதும், அதையும் பார்க்க வேண்டும்.

வெளியிலிருந்து வருகிற அவரை இனத்தைப் பற்றி இங்கே பயப்படக் காரணம் இருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குப் போனவர்கள் மஞ்சள் பூப் பூத்த முட்புதரைப் பார்த்திருப்பீர்கள், கோர்ஸ் என்பார்கள், அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்த அவரைக் குடும்பத்துச் செடிதான். அதுவும் தழைச்சத்தைத் தானே எடுத்துக்கொள்ளும், விதை மண்ணுக்குள் பல வருஷம் உயிரோடு கிடக்கும், வெட்ட வெட்ட வரும். நாம் இங்கே நல்ல குணம் என்று பேசுகிற அதே குணங்கள், தவறான இடத்தில் போனால் ஒரு சமவெளியையே பிடித்துக்கொள்கின்றன. வெள்ளைக் குளோவர் அவ்வளவு மோசம் என்று சொல்லவில்லை. ஊரிலேயே ஒன்று இருக்கும்போது ஏன் என்றுதான் கேட்கிறேன்.

பொறுக்குகிறபோது புளியாரையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், எங்கள் வீட்டிலேயே இரண்டையும் ஒன்று என்று நினைத்திருந்தார்கள். புளியாரை இலை இதய வடிவம், மடிப்பு நன்றாகத் தெரியும், மென்றால் புளிக்கும், பூ மஞ்சள், காய் மெழுகுவர்த்தி மாதிரி நிமிர்ந்து நின்று தொட்டால் வெடிக்கும். சிறுபுள்ளடி இலை நுனியில் சின்ன வெட்டு இருக்கும், புளிக்காது, பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு, இலைக் கக்கத்தில் ஒன்று இரண்டு மூன்றாக, குனிந்து பார்த்தால்தான் தெரிகிற அளவு. இலை பெரிதாக, அடி இலை ஒற்றையாக இருந்தால் அது இதன் பெரிய சகோதரி, சிங்களத்தில் மகா உந்துபியலிய என்கிறார்கள், அதுவும் படரும், ஈரமான வரம்புக்கு அது இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

எங்கள் உயரத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறுபுள்ளடி சனவரி, பெப்ரவரி உறைபனியில் கருகும். இங்கே ஓடைக்கரை, ஈரக் கட்டைகளில் அச்சு அசல் குளோவர் இலையோடு நீலநிறப் பயற்றம்பூ மாதிரி ஒரு பூப் பூக்கிறதே, பரோசெற்றஸ் என்று தாவரவியலில் சொல்வார்கள், அதுதான் நம் குளிர்மலைக்குச் சொந்தமானது. அதையும் பையில் வளர்க்கலாம், ஆனால் நிழலும் ஈரமும் வேண்டும், காயவிட்டால் போயிற்று. விதைக்காகவோ மண்ணுக்காகவோ தயவுசெய்து ஹோட்டன் சமவெளிக்குள் போகாதீர்கள், 1988இலிருந்து தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு செடியும் எடுக்கக் கூடாது. தோட்டத்து ஓடைக்கரையிலும் தெருவோரத்திலும் கிடைப்பதே போதும்.

கொஸ்லாந்தை வழி

எல்லோரும் விதையைப் பற்றியே பேசுகிறீர்கள், சிறுபுள்ளடி கணுவுக்குக் கணு வேர் விடுகிற கொடி. மழைக்காலத்தில் ஒரு சாண் கொடியை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகிற மாதிரி பையில் படுக்கவைத்தாலே பிடித்துக்கொள்ளும், தேய்க்கவும் வேண்டாம், ஊறவைக்கவும் வேண்டாம். வேரோடு வருகிற மண்ணில் டீச்சர் சொன்ன பக்டீரியாவும் சேர்ந்தே வந்துவிடும். அவசரத்துக்கு இதுதான் வழி என்பது என் எண்ணம். விதைக் கன்றின் ஆணிவேர் கொடிக்கு வராது, அதை ஒப்புக்கொள்கிறேன், அதனால் வரம்பின் முகப்புக்கு விதைக் கன்றும் வரம்பின் தலைக்குக் கொடியும் என்று பிரித்து வைக்கலாம்.

இன்னொன்று, இது கொஞ்சம் பாரமான விஷயம். ஊவாச்சரிவு சொல்வது மேல்மண் அரிப்பு. மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதையும் தண்ணீர் மண்ணை உருட்டிக்கொண்டு போவதையும் இந்தச் செடி நன்றாகத் தடுக்கும். ஆனால் இதைப் படித்துவிட்டு, மலைச்சரிவில் சிறுபுள்ளடி வைத்தால் மண்சரிவு வராது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் லயத்தோடு சேர்த்து மண் இறங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஊர்க்காரன் நான். அது மேல்மண் இல்லை, மலையே உள்ளே தண்ணீர் குடித்துக் கழன்று வந்தது. முழங்கையளவு வேர் அதைப் பிடிக்காது. காணியில் புதிதாக வெடிப்பு விழுந்தால், மரமோ கம்பமோ சாய்ந்தால், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், செடி நடுகிற யோசனையை விட்டுவிட்டுக் கிராம சேவகருக்குச் சொல்லுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் வந்து பார்க்கட்டும், மழை நேரமென்றால் முதலில் வீட்டை விட்டு வெளியேறுங்கள். அரிப்புக்குச் செடி, சரிவுக்கு நல்ல கான். மேல்தட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்துக் கானைச் சுத்தமாக வைத்துக்கொண்ட பிறகு வரம்பில் என்ன வேண்டுமானாலும் நடுங்கள்.

ஊவாச்சரிவு

எல்லோருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. டீச்சர் சொன்ன மாதிரி ஒரு மஞ்சள் கன்றைக் கரைத்துப் பார்த்தேன், வேர் சுத்த வெள்ளை, ஒரு உருண்டைகூட இல்லை. பாதையோரத்துச் செடி ஒன்றின் ஓர வேரையும் பார்த்தேன், அதில் சின்னச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது, நசுக்கினால் இளஞ்சிவப்பு. சேண்ட் பேப்பரில் தேய்த்த விதையில் விடிந்ததும் முக்கால்வாசி ஊதிவிட்டது! பால் பெட்டி சேர்க்கச் சொல்லி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். கொஸ்லாந்தை அண்ணே, கானைப் பற்றிச் சொன்னது சரிதான், எங்கள் மேல்கான் பாதி மூடிக் கிடக்கிறது, இந்த வாரமே அவர் ஆள் வைத்து வெட்டுவார்.

இன்னும் இரண்டு கேள்வி. இரவில் ஏதோ இலையை அரித்துவிட்டுப் போகிறது, காலையில் பளபள என்று கோடு மட்டும் இருக்கிறது. வரம்பில் எப்போது, எவ்வளவு இடைவெளியில் நடுவது?

தவறணைக்காரன்

கோடு தெரிந்தால் ஓடில்லாத நத்தைதான். மருந்து போட வேண்டாம். இரவு ஒன்பது மணி போல் டோர்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள், பைக்குள் உப்பு விழக் கூடாது. ஈரச் சாக்கு ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்தால் விடியும்போது அதன் அடியில் கூடியிருக்கும், அப்போதும் எடுக்கலாம். பைகளை மண்ணில் அடுக்காமல் பலகையிலோ கம்பித் தட்டியிலோ ஏற்றிவிட்டால் பாதித் தொல்லை குறையும், அடியில் காற்றும் போகும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள், மாலையில் ஊற்றினால் இரவு முழுக்க ஈரம் நின்று நத்தையையும் அழுகலையும் கூப்பிடும்.

நடுவதற்கு உங்கள் பக்கம் ஒக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பாதி. முதல் மழைக்கே ஓடாதீர்கள். மண் ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்த பிறகு, இரண்டு நாள் மப்பு போட்ட நேரமாகப் பார்த்து நடுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் இருந்து படிக்கிறவர்கள் இந்தக் கணக்கை எடுக்க வேண்டாம், நமக்கு வைகாசி முன்மழையில் நட்டு, ஜூன் பெருமழை அடிக்கும் முன் வேர் பிடித்துவிட வேண்டும். நடுவதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து முழு வெயிலில் பழக்குங்கள், தவறணையில் செல்லமாக வளர்ந்த கன்று வரம்பில் ஒரு வாரம் நிற்காது. முதல் நாளில் இருந்து பார்க்கிற நான் சொல்கிறேன், இந்தப் பழக்குகிற வேலையைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

வரம்பு முகப்பில் ஒரு அடிக்கு ஒரு கன்று, அடுத்த வரிசை அதற்கு இடையில் வருகிற மாதிரி மாற்றி மாற்றி. நேர்கோட்டில் மேலிருந்து கீழாக வைத்தால் நடுவில் தண்ணீர் ஓடத் தடம் கிடைத்துவிடும். பையை அடியில் கீறி மண் உடையாமல் வையுங்கள், கழுத்து மண்ணுக்குள் போகக் கூடாது. கன்றுக்கு நடுவில் இருக்கிற வெறும் இடத்தில் வெட்டிய புல்லோ போஞ்சிக் கொடியோ மூடாக்காகப் போடுங்கள், படர்ந்து சேர மூன்று நான்கு மாதம் ஆகும், அந்த மாதங்களில்தான் மழையும் கனமாக இருக்கும். முதல் வருஷம் வேறு களையைக் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும். உயரமான களைக்குக் கீழே நிழலில் இது தேய்ந்துபோகும். பிறகு மாதத்துக்கு ஒருமுறை கத்தியால் மேலே இலேசாகச் சீவிவிட்டால் போதும், சீவச் சீவத்தான் தரையோடு நெருங்கும்.

ஊதாமல் மிஞ்சின கால்வாசி விதையை என்ன செய்தீர்கள்? எறிந்திருந்தால் குப்பையில் தேடுங்கள், இன்னொரு தேய்ப்பில் அதிலும் பாதி வரும்.